கஞ்சி ஊற்றிய பானையும் அடைபட்ட குழாயும்

“ரத்தம் சீக்கிரம் உறையாத வியாதின்னுதானே டாக்டர் இத்தனை வருஷமா சொன்னீங்க? அப்புறம் எப்படி மூளையில ரத்தம் உறைஞ்சு அடைச்சுது?”

தட்டணுக் குறைவு உள்ள ஒருவருக்குப் பக்கவாதம் வந்தால் வீட்டார் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். டெங்கு காய்ச்சல் அடிக்கடி வந்து ‘பிளேட்லெட்’ என்ற சொல்லை நம் வீடுகளுக்குப் பழக்கிவிட்டது. கவுண்ட் இறங்கினால் ரத்தம் கசியும் என்பது வரை எல்லோருக்கும் தெரியும். அது பாதிக் கதை. கவுண்ட் குறைந்த உடம்பிலும் ரத்தக்கட்டு உண்டாகும். அது மூளைக்குப் போகும் குழாயை அடைக்கும். அந்த நேரத்தில் மருத்துவர் முன்னால் படுத்திருப்பவருக்குக் கசிவுப் பயமும் உண்டு, அடைப்புப் பயமும் உண்டு. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதைக் கூட்டிவிடக்கூடும். இந்தச் சிக்கலை எப்படிப் பிரித்துக் கையாளுகிறார்கள் என்பதைச் சமையலறைச் சாமான்களை வைத்தே பார்த்துவிடலாம். சோறு வடிக்கத் தெரிந்தால் போதும்.

முதலில் தட்டணு என்றால் என்ன? புது மண்பானையில் தண்ணீர் ஊற்றினால் வெளிப்பக்கம் கசியும். அதனால்தான் பாட்டிமார் பானையைப் பழக்கும்போது முதலில் வடிகஞ்சியை ஊற்றி வைப்பார்கள். கஞ்சியில் உள்ள மாவு பானையின் நுண்துளைகளில் போய் உட்கார்ந்து அடைத்துக்கொள்ளும். ரத்தக் குழாய்களில் அந்த வேலையைச் செய்பவை தட்டணுக்கள். எலும்பு மஜ்ஜையில் ஒரு பெரிய செல் இருக்கிறது. பக்கோடா மாவிலிருந்து கிள்ளிக் கிள்ளிப் போடுவதுபோல, அந்தச் செல்லிலிருந்து பிய்ந்து வரும் துணுக்குகளே தட்டணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கும். ஒவ்வொன்றும் 7 முதல் 10 நாள் வாழும். பிறகு மண்ணீரல் அதைப் பொறுக்கி எடுத்துவிடும்.

இந்தப் பொறுக்குகிற வேலையில்தான் கோளாறு தொடங்குகிறது. முறத்தில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ வந்து நல்ல அரிசி மேலெல்லாம் கரி தடவிவிட்டுப் போகிறார். உங்கள் கண்ணுக்கு அது கல்லாகத் தெரிகிறது, எடுத்து வீசிவிடுகிறீர்கள். நம் எதிர்ப்புச் சக்தி தவறுதலாகத் தன் தட்டணுக்கள் மீதே எதிரணுக்களை ஒட்டிவிடும்போது நடப்பது இதுதான். எதிரணு என்பது கரி. மண்ணீரல் என்பது முறம். அரிசியில் குற்றமில்லை, ஆனாலும் அது வெளியே போகிறது. இந்த நோய்க்கு மருத்துவர்கள் வைத்த பெயர் சுருக்கமாக ஐ.டி.பி. கவுண்ட் 1,00,000க்குக் கீழே போய், வேறு காரணம் எதுவும் இல்லையென்றால் இந்தப் பெயர் வரும்.

முறத்தை முதலில் சந்தேகப்பட்டவர் பிராக் நகரத்து மருத்துவ மாணவர் பால் காஸ்னெல்சன். 1916இல், மண்ணீரலை எடுத்துவிட்டால் தட்டணு ஏறும் என்று அவர் சொல்ல, அறுவை செய்து பார்த்தார்கள், ஏறியது. கரி ரத்தத்திலேயே இருக்கிறது என்று காட்டியவர் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து இளம் மருத்துவர் வில்லியம் ஹாரிங்டன். 1950இல் அவர் ஐ.டி.பி உள்ள ஒரு பெண்ணின் ரத்தத்தில் 500 மில்லியைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அடியோடு இறங்கின, வலிப்பும் வந்தது. சில நாட்களில் மீண்டுவிட்டார். நோயாளியின் ரத்தத்தில் தட்டணுவை அழிக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது அதன்பின் ஐயமின்றித் தெரிந்தது. தன் உயிரைப் பணயம் வைத்து அவர் கண்டு சொன்னதன் மேல்தான் இன்றைய சிகிச்சை நிற்கிறது.

சரி, அரிசி குறைந்துபோனது. அப்படியானால் கஞ்சி தண்ணீராகத்தானே இருக்க வேண்டும், கட்டி எங்கிருந்து வருகிறது?

புது அரிசியையும் பழைய அரிசியையும் வடித்துப் பார்த்தவர்களுக்கு இதற்கு விடை தெரியும். பழைய அரிசிச் சோறு உதிரி உதிரியாக நிற்கும். புது அரிசிச் சோறு குழைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஐ.டி.பி உள்ளவர் உடம்பில் தட்டணுக்கள் சீக்கிரம் சீக்கிரமாக அழிவதால், ரத்தத்தில் ஓடுபவற்றில் பெரும்பகுதி நேற்றோ முந்தாநாளோ பிறந்தவை. இளம் தட்டணுக்கள் அளவில் பெரியவை, ஒட்டும் தன்மையும் கூடுதல். எண்ணிக்கையில் குறைவு, ஒட்டுவதில் கூடுதல். பலர் 40,000, 50,000 கவுண்டோடு ரத்தக்கசிவே இல்லாமல் வருடக்கணக்கில் நடமாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதே குணம்தான் சில சமயம் அடைப்புக்கும் வழி செய்கிறது.

அடுத்தது நொய். முழு அரிசியைவிட நொய்யில் வைத்த கஞ்சி சீக்கிரம் கெட்டியாகும் அல்லவா? தட்டணுக்கள் உடையும்போது சிதறும் நுண்துகள்கள் ரத்தத்தில் அப்படித்தான் வேலை செய்கின்றன, உறைதலைத் தூண்டுகின்றன. சிலருக்கு இவற்றோடு இன்னொரு வகை எதிரணுவும் இருக்கும். அது பாலில் பிழிந்த எலுமிச்சைபோல ரத்தத்தையே திரியவைக்கப் பார்க்கும். அதற்கு ஆன்டிபாஸ்போலிபிட் எதிரணு என்று பெயர். அது உள்ளவர்களுக்குக் கவுண்டும் கொஞ்சம் குறையும், ரத்தக்கட்டும் வரும். கவுண்ட் சற்றுக் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக அவர்களுக்கு ரத்தம் இளக்கும் மாத்திரையை நிறுத்தினால் பெரிய தவறாகிவிடும்.

பிறகு, நாம் கொடுக்கும் மருந்துகள். ஸ்டீராய்டு சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும்; இரண்டுமே பக்கவாதத்துக்கு வழிவிடுபவை. மஜ்ஜையை முடுக்கித் தட்டணுவைப் பெருக்கும் எல்ட்ரோம்போபாக், ரோமிப்ளோஸ்டிம் போன்றவை அடுப்பில் கூடுதல் விறகு வைப்பது மாதிரி. உலை வேகமாகக் கொதிக்கும், புது அரிசி நிறைய வந்து விழும், ஒட்டும் வாய்ப்பும் ஏறும். மண்ணீரலை எடுத்தவர்களுக்கும் ரத்தக்கட்டு அபாயம் சற்றுக் கூடுகிறது. இதனாலெல்லாம் இந்த மருந்துகள் கெட்டவை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இவை பலரைக் கசிவிலிருந்து காப்பாற்றுபவை. அதற்கு மேல், வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், சீரற்ற இதயத் துடிப்பு ஆகியவை எல்லோருக்கும் அடைப்பைக் கொண்டுவருவதுபோல இவர்களுக்கும் கொண்டுவரும். கவுண்ட் குறைவு ஒரு கவசம் இல்லை.

அடைப்பு வந்த பிறகு மூளையில் என்ன நடக்கிறது?

உலையில் தண்ணீர் வற்றிச் சோறு அடிப்பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு வட்டம் கருகிவிடும். அதை இனி ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் அதற்கு மேலே ஒரு அடுக்கு இருக்கிறது: லேசாகப் புகை வாசம் ஏறியிருக்கும், இன்னும் கருகவில்லை. உடனே இறக்கிவைத்தால் அது பிழைக்கும். தாமதித்தால் அதுவும் கரியாகும். ரத்தம் நின்ற மூளைப் பகுதியும் இப்படியேதான். நடுவில் இறந்துபோன ஒரு பகுதி, சுற்றிலும் தவித்துக்கொண்டிருக்கும் ஒரு பகுதி. பெரிய குழாய் அடைபட்டால் ஒரு நிமிடத்தில் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் போகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சிகிச்சை முழுவதும் அந்த இரண்டாவது அடுக்கைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

ஆகவே ஆஸ்பத்திரியில் முதல் வேலை ஸ்கேன். தலைக்குள் இருப்பது அடைப்பா, கசிவா என்று பார்க்காமல் ஒரு சொட்டு மருந்தும் கொடுக்க மாட்டார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்: வாய் கோணும், கை தொங்கும், பேச்சு குழறும். தட்டணு குறைந்தவர் என்றால் ‘கசிவாகத்தான் இருக்கும்’ என்று ஊகிக்கத் தோன்றும். ஊகிக்கக் கூடாது. பிறகு ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், அதோடு தட்டணுக் கவுண்ட்.

கவுண்ட் விஷயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பக்கவாதம் வந்தால், சந்தேகப்படக் காரணம் இல்லாதபோது கவுண்ட் முடிவுக்காகக் காத்திராமல் கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தொடங்குவது வழக்கம். நேரம் அவ்வளவு முக்கியம். ஐ.டி.பி உள்ளவருக்கு அப்படிச் செய்ய முடியாது. அவருக்கு இந்த நோய் இருப்பதை வாசலிலேயே யாராவது சொல்லியாக வேண்டும். பேச்சு போன நிலையில் அவரால் சொல்ல முடியாது. இந்தக் கட்டுரையில் வேறெதை மறந்தாலும் இதை மட்டும் மறக்காதீர்கள்.

கவுண்டோடு, ரத்தத் துளியைக் கண்ணாடித் துண்டில் தடவி நுண்ணோக்கியிலும் பார்ப்பார்கள். சில சமயம் சோதனைக் குப்பியில் உள்ள ரசாயனத்தால் தட்டணுக்கள் உப்புமா கட்டிபோல ஒன்றுசேர்ந்துவிடும். எந்திரம் கட்டியை எண்ணத் தெரியாமல் கவுண்ட் குறைவு என்று பொய் சொல்லும். நுண்ணோக்கியில் பார்ப்பவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். அவர் தேடுவது இன்னொன்றும் உண்டு: உடைந்த சிவப்பணுக்கள். அவை தென்பட்டால் கதையே மாறிவிடும்.

அந்த மாறிய கதைக்குப் பெயர் டி.டி.பி. இதுவும் எதிர்ப்புச் சக்தியின் தவறுதான், ஆனால் இங்கே கரி பூசப்படுவது தட்டணு மேல் இல்லை. பூக்கட்டுபவர் பக்கத்தில் நூல்கண்டும் கத்தரியும் இருக்கும். தேவையான நீளத்துக்குக் கட்டி, வெட்டி, தனியே வைப்பார். கத்தரியை யாராவது ஒளித்துவைத்துவிட்டால்? நூல் நீண்டுகொண்டே போகும், கூடையில் இருக்கும் பூவெல்லாம் அதில் சிக்கிக்கொள்ளும். நம் ரத்தத்திலும் அப்படி ஒரு நீள நூல் உண்டு, வான் வில்லிபிராண்ட் புரதம் என்று பெயர். அதை வெட்டும் கத்தரி ஆடம்ட்ஸ்-13 என்ற நொதி. டி.டி.பியில் எதிரணுக்கள் கத்தரியை முடக்குகின்றன. நீண்ட நூல்களில் தட்டணுக்கள் சிக்கி, உடம்பு முழுக்க நுண்ணிய குழாய்களில் கட்டிகள் உண்டாகின்றன. தட்டணு அங்கே செலவாகிவிடுவதால் கவுண்ட் இறங்குகிறது. அந்த இடுக்குகளில் நுழையப் பார்த்த சிவப்பணுக்கள் வெட்டுப்படுகின்றன. 1924இல் நியூயார்க் மருத்துவர் எலி மோஸ்கோவிட்ஸ், 16 வயதுப் பெண் ஒருத்தியை வைத்து இந்த நோயை முதன்முதலில் விவரித்தார். அந்தப் பெண் பிழைக்கவில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் இதில் பத்துக்கு ஒன்பது பேர் இறந்துவிடுவார்கள்.

இதற்கு என்ன செய்வது? பயறு ஊறிய தண்ணீர் புளித்துப்போனால் அதை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவோம். அதேபோல் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவை எந்திரத்தில் பிரித்தெடுத்து, கொடையாளர்களின் பிளாஸ்மாவை ஏற்றுகிறார்கள். கெட்ட எதிரணு வெளியே போகிறது, நல்ல கத்தரி உள்ளே வருகிறது. கூடவே ஸ்டீராய்டு. சமீப ஆண்டுகளில், தட்டணு அந்த நூலில் ஒட்டுவதையே தடுக்கும் காப்ளாசிசுமாப் என்ற மருந்தும் சேர்ந்திருக்கிறது. ‘கவுண்ட் குறைவாக இருக்கிறதே’ என்று பை பையாகத் தட்டணு ஏற்றுவது இங்கே தவறு. சிக்கலான நூலில் இன்னொரு கூடைப் பூவைக் கொட்டுவது போலாகிவிடும். அதனால்தான் கவுண்டைப் பார்த்த கையோடு, அது ஏன் குறைந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. ஹெபாரின் ஊசி போட்ட 5 முதல் 10 நாட்களுக்குள் கவுண்ட் சரிந்து ரத்தக்கட்டு வரும் இன்னொரு வகையும் உண்டு. அதில் முதல் சிகிச்சை ஹெபாரினை நிறுத்திவிட்டு வேறு வகை உறைவுத் தடுப்பு மருந்துக்கு மாறுவது.

டி.டி.பி இல்லை, ஐ.டி.பிதான் என்று தெரிந்துவிட்டது. ஸ்கேனில் கசிவும் இல்லை, அடைப்புதான். இப்போது அடைப்பை எப்படி எடுப்பது?

பாத்திரம் கழுவும் தொட்டி அடைத்துக்கொண்டால் வீட்டில் இரண்டு வழி. ஒன்று, கரைக்கும் பவுடரைக் கொட்டுவது. அந்தப் பவுடருக்கு எது அடைப்பு, எது குழாய் இணைப்பில் ஒழுகாமல் இருக்கப் பூசிய பசை என்று வித்தியாசம் தெரியாது. அல்டிப்ளேஸ், டெனெக்டிப்ளேஸ் என்ற கரைக்கும் ஊசிகள் அந்த வகை. பக்கவாதம் தொடங்கிய 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். மூளையில் உள்ள கட்டியைக் கரைக்கும்; வேறெங்காவது ஒரு கீறலை அடைத்திருக்கும் நல்ல கட்டியையும் கரைத்துவிடக்கூடும். தட்டணு போதிய அளவு இருப்பவருக்கு அந்த இடத்தைத் திரும்ப அடைக்க ஆள் உண்டு. குறைந்தவருக்கு இல்லை. எனவே கவுண்ட் 1,00,000க்குக் கீழே இருந்தால் இந்த ஊசி வேண்டாம் என்கின்றன வழிகாட்டு நெறிகள்.

அந்த 1,00,000 எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1995இல் இந்த மருந்தின் பலனை நிறுவிய அமெரிக்க ஆய்வில், 1,00,000க்குக் கீழே உள்ளவர்களைப் பாதுகாப்புக் கருதிச் சேர்க்கவில்லை. அந்தக் கோடு அப்படியே விதியாக நிலைத்துவிட்டது. 95,000 இருப்பவருக்கும் 9,000 இருப்பவருக்கும் ஆபத்து ஒன்றல்ல. ஆனாலும் தெரியாத இடத்தில் மருத்துவர்கள் எச்சரிக்கையின் பக்கம் நிற்பது சரி என்றே நான் நினைக்கிறேன், ஏனென்றால் இரண்டாவது வழி ஒன்று இருக்கிறது.

அது கம்பி விட்டு இழுப்பது. தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள தமனி வழியாக மெல்லிய குழாயை மூளைவரை கொண்டுபோய், வலைக்கம்பியால் கட்டியைப் பிடித்து வெளியே எடுத்துவிடுகிறார்கள், அல்லது உறிஞ்சி எடுக்கிறார்கள். மருந்து உடம்பெல்லாம் பரவுவதில்லை. வேலை அடைப்பு உள்ள இடத்தில் மட்டும். பெரிய குழாய் அடைப்புகளுக்கு இது நல்ல பலன் தரும் என்பதை 2015இல் வெளிவந்த ஐந்து ஆய்வுகள் காட்டின. வழக்கமாக 6 மணி நேரத்துக்குள். ஸ்கேனில் கருகாத அடுக்கு இன்னும் மிச்சம் இருப்பது தெரிந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட. கவுண்ட் குறைவு இதற்கு முழுத் தடை இல்லை. ஐ.டி.பி உள்ளவர்களுக்கு இப்படி எடுத்துப் பலன் கிடைத்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. துளையிட்ட இடத்தை வழக்கத்தைவிட நீண்ட நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் கூடுதல் கவனம். சின்னக் குழாய் அடைப்புக்கு மட்டும் இந்தக் கம்பி எட்டாது.

முதல் நாள் கண்டம் தாண்டியது. அடுத்து, இன்னொரு பக்கவாதம் வராமல் காக்க வேண்டும். அதற்கு ஆஸ்பிரின். புளியோதரைக்குச் சோற்றை ஆறவைக்கும்போது கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுப் பிசிறிவிடுவோம், பருக்கைகள் ஒட்டாமல் உதிரியாக நிற்கும். ஆஸ்பிரின் தட்டணு மேல் பூசும் எண்ணெய். ஒரு முறை பட்டால் அந்தத் தட்டணு சாகும்வரை அந்தப் பூச்சு போகாது. ஆனால் தட்டில் பத்துப் பருக்கைதான் இருக்கிறது, அதற்கும் எண்ணெய் பூசிவிட்டால் ஓட்டையை அடைக்க எது மிஞ்சும்? பல மருத்துவர்கள் 50,000ஐ ஒரு கோடாக வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேலே இருந்து, கசிவு இல்லையென்றால் ஆஸ்பிரின் கொடுக்கலாம். கீழே இருந்தால் ஆளைப் பார்க்க வேண்டும்: முன்பு கசிந்திருக்கிறதா, வயிற்றுப்புண் உண்டா, வயது என்ன, அடைப்பு எவ்வளவு பெரியது. இங்கே சமையலைப் போலவே கைப்பக்குவம் வேண்டும். நரம்பு மருத்துவரும் ரத்தநோய் மருத்துவரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்ப்பது இதனால்தான் அவசியமாகிறது.

கவுண்ட் கீழே இருந்தால் முதலில் அதை ஏற்றுகிறார்கள். இங்கே முறத்தை ஏமாற்றுவதுதான் வழி. இம்யூனோகுளோபுலின் என்ற ஊசிமருந்தை ஏற்றினால், கை நிறைய வேறு அரிசியைக் கொட்டியதுபோல மண்ணீரல் அதிலேயே மும்முரமாகிவிடும், தட்டணு தப்பிக்கும். ஓரிரு நாளிலிருந்து நான்கு நாளுக்குள் கவுண்ட் ஏறத் தொடங்கும். ஆனால் இந்த மருந்தே ரத்தத்தைக் கெட்டியாக்கக்கூடியது. ஏற்கெனவே அடைப்பு வந்தவருக்கு மெதுவாக ஏற்ற வேண்டும், உடம்பில் நீர்ச்சத்துக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டு, கரி தடவும் கையையும் பொறுக்கும் கையையும் சேர்த்து அடக்கும். டெக்ஸாமெத்தசோன் நாளுக்கு 40 மில்லிகிராம் வீதம் 4 நாள் கொடுப்பது பரவலான முறை. வெறுமனே தட்டணுவை ஏற்றினால் என்ன? கரி தடவும் கை அப்படியே இருக்கும்போது ஏற்றியது சில மணி நேரத்தில் முறத்துக்கு வெளியே போய்விடும். உயிருக்கு ஆபத்தான கசிவு இருந்தால் மட்டும் மற்ற மருந்துகளோடு சேர்த்து ஏற்றுவார்கள்.

எவ்வளவு ஏற்ற வேண்டும்? மூன்று லட்சம் தேவையே இல்லை. ஆஸ்பிரினைத் தாங்கும் அளவுக்கு வந்தால் போதும். அடைப்பு வந்த உடம்பில் கவுண்டை ஒரேயடியாகத் தூக்குவது இன்னொரு அடைப்பை அழைப்பதாகிவிடும். எல்ட்ரோம்போபாக் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே பக்கவாதம் வந்தால், அளவைக் குறைப்பதா நிறுத்துவதா என்பதை ரத்தநோய் மருத்துவர் சொல்ல வேண்டும், வீட்டில் முடிவெடுக்கக் கூடாது. திடீரென நிறுத்தினால் கவுண்ட் அதலபாதாளத்துக்குப் போகலாம். அந்த மாத்திரையில் இன்னொரு சமையலறை விஷயமும் உண்டு. பால், தயிர், மோர் ஆகியவற்றின் சுண்ணாம்புச்சத்து அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆகவே மாத்திரை போட்டு 2 மணி நேரம் கழித்துத்தான் தயிர்ச்சோறு. தயிர்ச்சோறு சாப்பிட்டிருந்தால் 4 மணி நேரம் கழித்துத்தான் மாத்திரை.

சீரற்ற இதயத் துடிப்பால் வந்த அடைப்பு என்றால் ஆஸ்பிரின் போதாது, வலுவான ரத்தம் இளக்கும் மருந்து வேண்டும். அதற்கும் ஏறக்குறைய அதே 50,000 என்ற கோடுதான். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இறுக்கிப் பிடிப்பது எல்லோருக்கும் நல்லது, இவர்களுக்கு இரட்டிப்பு நல்லது. ரத்த அழுத்தம் குறைந்தால் அடைப்பும் குறையும், மூளைக் கசிவும் குறையும். பப்பாளி இலைச் சாற்றைப் பற்றிக் கேட்பீர்கள். கரி தடவும் கையை அது நிறுத்தாது. மருந்துக்குப் பதிலாக அதை நம்பிக் காத்திருக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் ஐ.டி.பி உள்ளவர் யாராவது இருந்தால் இன்றே ஒரு துண்டுக் காகிதம் எடுங்கள். நோயின் பெயர், கடைசிக் கவுண்டும் அதன் தேதியும், சாப்பிடும் மாத்திரைகள், மண்ணீரல் எடுத்தவரா, ரத்தநோய் மருத்துவரின் தொலைபேசி எண். இவ்வளவும் எழுதி அவருடைய பணப்பையில் வையுங்கள், ஒரு படம் பிடித்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அவர் வாய் கோணினால், கை தளர்ந்தால், பேச்சு குழறினால், ‘இவருக்கு ரத்தம் உறையாதே’ என்று யோசித்து நிற்காமல் 108ஐ அழையுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் முதலில் அந்தக் காகிதத்தைக் கொடுங்கள்.